அப்பமும் நீரும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஒரு பேரரசே மூவாயிரம் ஆண்டுகள் காணாமற் போயிருந்தது என்றால் நம்புவது கடினம். எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேசுடன் போரிட்டு, பின்பு கி.மு. 1259-இல் அவனோடு சமாதான உடன்படிக்கையும் செய்துகொண்ட அரசு அது. இன்றைய துருக்கியின் நடுப்பகுதியைத் தாயகமாகக் கொண்டு, கி.மு. பதினேழாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை நிலைத்திருந்தது. அம்மக்களை ஹிட்டைட்டுகள் என்கிறார்கள். தமிழ் விவிலியம் படித்த நண்பர்களுக்கு ஏத்தியர் என்ற பெயர் நினைவிருக்கும். ஆபிரகாம் தன் மனைவியை அடக்கம் செய்ய நிலம் வாங்கியது ஏத்தியரிடம். தாவீதின் படைவீரன் உரியாவும் ஏத்தியனே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை ஐரோப்பிய அறிஞர்களுக்கும் அவர்களைப் பற்றித் தெரிந்தது ஏறக்குறைய அவ்வளவுதான்.

அம்மக்கள் பேசிய மொழியின் பொருளை முதன்முதலில் கண்டு சொன்னவர் பெத்ரிக் ஹ்ரோஸ்னி என்னும் செக் நாட்டு அறிஞர். மொழியியல் பயில்வோர் அனைவரும் அறிந்த பெயர் இது. மொழியியலுக்கும் சோதனைக்கூடத்துக்கும் என்ன தொடர்பு, வேதியியல் மாணவன் இவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

ஹ்ரோஸ்னி 1879-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், எல்பே ஆற்றங்கரையில் உள்ள லிஸா என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று செக் நாட்டில் உள்ளது. அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் ஒரு பகுதியான போகிமியாவில் இருந்தது. தந்தையார் புராட்டஸ்டண்டு சபையின் போதகர். மகனும் அதே வழியில் செல்வார் என்றே எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் பள்ளி நாட்களிலேயே எபிரேயம், அரபு ஆகிய மொழிகளின் மேல் அவருக்கு நாட்டம் பிறந்துவிட்டது. வியன்னாவில் இறையியல் மாணவராகச் சேர்ந்தவர், சிறிது காலத்திலேயே கீழை நாட்டு மொழிகளின் பக்கம் திரும்பினார். 1901-இல் டாக்டர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 22. பின்னர் பெர்லினில் டெலிட்ஸ்ச் என்னும் பேராசிரியரிடம் ஆப்பெழுத்துப் பயின்றார். ஈரக் களிமண் பலகையில் நாணற் குச்சியால் அழுத்தி, ஆப்பு வடிவக் கீறல்களாக எழுதுவதே ஆப்பெழுத்து. 1904-இல் பாலஸ்தீனத்தில் தானாக் என்னுமிடத்தில் அகழ்ந்தெடுத்த ஆப்பெழுத்துப் பலகைகளைப் படித்து வெளியிட்டார். வியன்னாப் பல்கலைக்கழக நூலகத்தில் பணிபுரிந்துகொண்டே 1905 முதல் அங்குக் கற்பிக்கவும் செய்தார்.

அந்நாளில் அவர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிப் பொருள்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பழைய பாபிலோனியர் என்ன தானியம் விதைத்தார்கள், அதை எப்படி அப்பமாகச் சுட்டார்கள், பார்லியிலிருந்து பீர் எப்படி வடித்தார்கள் என்பதே அது. பீரைப் பற்றி 1910-இல் எழுதினார். 1913-இல் பாபிலோனியத் தானியங்களைப் பற்றி ஒரு முழு நூலே வெளியிட்டார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். பெரிய படிப்புப் படித்த ஒருவர் தானியத்தின் பெயர்களுக்காக ஒரு புத்தகம் எழுதினார் என்று வீட்டில் சொன்னபோது என் தந்தையார் முதலில் நம்பவில்லை. அந்நாட்டில் கூலியும் கடனும் பார்லியால்தான் அளக்கப்பட்டன என்று விளக்கினேன். நம் ஊர்க் களத்திலும் ஒரு காலத்தில் நெல்லைத்தானே கூலியாக அளந்தார்கள், அப்படியானால் அது எழுத வேண்டிய புத்தகந்தான் என்று ஒப்புக்கொண்டார். இந்தத் தானிய ஆராய்ச்சியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பயன்படும்.

இனித் துருக்கிக்குச் செல்வோம். அங்காராவுக்குக் கிழக்கே போகாஸ்கோய் என்னும் மலைக்கிராமத்தில் பெரிய கோட்டை மதில்களின் சிதைவுகள் இருந்தன. 1834-இல் டெக்சியே என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பார்த்து எழுதியிருந்தார். யார் கட்டியவை என்று அவருக்கு விளங்கவில்லை. 1906-இல் ஜெர்மானியரான ஹூகோ விங்க்லரும் கான்ஸ்டான்டிநோபிள் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மக்ரீதியும் அங்கே தோண்டத் தொடங்கினர். களிமண் பலகைகளும் உடைந்த துண்டுகளுமாகச் சில ஆண்டுகளில் ஏறக்குறைய பத்தாயிரம் கிடைத்தன. அவற்றுள் சில, பாபிலோனியரின் அக்காதிய மொழியில் இருந்தமையால் உடனே படிக்க முடிந்தது. ராம்சேசுடன் செய்த உடன்படிக்கையின் படியும் அவற்றுள் ஒன்று. அதைக் கொண்டுதான் அந்த இடம் ஹிட்டைட்டுகளின் தலைநகரான ஹட்டுசா என்பது உறுதிப்பட்டது.

ஆனால் பெரும்பாலான பலகைகள் வேறொரு மொழியில் இருந்தன. எழுத்து அதே ஆப்பெழுத்து. ஆகையால் வாய்விட்டுப் படிக்கலாம். பொருள்தான் விளங்காது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட தியாகராசர் கீர்த்தனையைத் தெலுங்கு அறியாத நம்மில் ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதை எண்ணிப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்தும் தெரியும். சொல் எங்கே முடிகிறது என்பதுகூட ஒருவாறு தெரியும். என்ன சொல்கிறது என்பது மட்டும் தெரியாது. கீர்த்தனைக்காவது பொருள் சொல்லித் தர ஆள் உண்டு. இம்மொழி பேசியவரோ எவரும் இல்லை.

இந்த மொழியை அடையாளம் காண ஒருவர் முன்னரே முயன்று அடிபட்டிருந்தார். 1887-இல் எகிப்தின் அமர்னா என்னுமிடத்தில் கிடைத்த பழைய அரசாங்கக் கடிதங்களில் இரண்டு, அதே புரியாத மொழியில் இருந்தன. நார்வே நாட்டு அறிஞரான குனுட்சோன் அவற்றை ஆராய்ந்து, இம்மொழி சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவை அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1902-இல் எழுதினார். அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று எஸ்து என்னும் சொல். ஆகுக என்பது அதன் பொருளாகத் தோன்றியது. நம் ஊர்த் திருமண அழைப்பிதழ்களின் தலைப்பில் சுபமஸ்து என்று அச்சிடுகிறார்களே, அந்த அஸ்துவும் இதுவும் ஒன்று. இன்று பார்க்கும்போது குனுட்சோன் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அன்று அறிஞர் உலகம் ஏற்கவில்லை. ஆசியா மைனரின் நடுவில், அவ்வளவு பழங்காலத்தில், இந்தோ-ஐரோப்பிய மொழி இருக்க இயலாது என்றார்கள். இரண்டே கடிதங்களைக் கொண்டு இவ்வளவு பெரிய முடிவா என்று கேட்டார்கள். கடைசியில் அவரே தம் கருத்திலிருந்து பின்வாங்கினார்.

1913-இல் விங்க்லர் காலமானார். பலகைகளைப் படியெடுத்து வெளியிடும் பொறுப்பை ஜெர்மன் கீழைநாட்டுக் கழகம், ஹ்ரோஸ்னிக்கும் பிகுல்லா என்னும் மற்றோர் அறிஞருக்கும் அளித்தது. 1914-இல் இருவரும் கான்ஸ்டான்டிநோபிள் சென்று அருங்காட்சியகத்தில் அமர்ந்து படியெடுத்தனர். சில மாதங்களே ஆயின. ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. ஹ்ரோஸ்னி தாம் எடுத்த படிகளுடன் வியன்னா திரும்பினார். குனுட்சோன் பட்டபாடு அவருக்குத் தெரியும். அவரோ செமிட்டிய மொழிகளில் பயிற்சி பெற்றவர். இந்தோ-ஐரோப்பியம் என்று வாய்திறந்து, அது தவறாகப் போனால், முப்பத்தைந்து வயதுக்குள் தேடிய பெயரெல்லாம் போய்விடும்.

இப்போது அந்தப் புகழ்பெற்ற வரிக்கு வருவோம். அதற்கு முன் எழுத்துமுறையைப் பற்றி ஒரு செய்தி. ஹிட்டைட் எழுத்தர்கள் எல்லாச் சொற்களையும் ஒலிப்படி எழுதுவதில்லை. சில சொற்களுக்குச் சுமேரியர் காலத்துக் குறிகளையே இட்டுவிடுவார்கள். நம் பெரியவர்கள் பத்திரங்களில் ஆண்டுக்கு ௵ என்றும் மாதத்துக்கு ௴ என்றும் குறியிட்டது போன்றது இது. எண்களைப் பாருங்கள். 5 என்ற குறியை நாம் ஐந்து என்று படிக்கிறோம். வேறு மொழிக்காரர் வேறு விதமாகப் படிக்கிறார். பொருள் எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் 5-ஐ என்று எழுதிவிட்டால், எழுதியவர் தமிழர் என்பதும், சொல் இரண்டாம் வேற்றுமையில் நிற்கிறது என்பதும் அந்த ஐகாரத்தால் வெளிப்பட்டுவிடும்.

ஹ்ரோஸ்னியின் முன்னே இருந்த ஒரு வரியில் அப்பத்தின் குறி இருந்தது. சுமேரியத்தில் அதை நிந்தா என்பார்கள். தானியத்தையும் அப்பத்தையும் பற்றி நூல் எழுதியவருக்கு அந்தக் குறியில் ஐயம் ஏது? குறியை அடுத்து அன் என்று ஓர் ஓசை இருந்தது. நம் 5-ஐ போல, இது இரண்டாம் வேற்றுமை உருபாகலாம். அப்பத்தை என்று பொருளாகலாம் என்று கொண்டார். அப்பத்தை என்ன செய்வார்கள்? அடுத்து நின்ற சொல் எஸ்ஸாத்தேனி. அது உண்ணுவதைக் குறிக்கக்கூடும். வரியின் பிற்பகுதியில் வாதார் என்றொரு சொல்லும், எகுத்தேனி என்றொரு சொல்லும். எஸ்ஸாத்தேனியிலும் எகுத்தேனியிலும் இறுதி ஒன்றே. உண்கிறீர்கள், பருகுகிறீர்கள் என்னும் போது ஈர்கள் இருமுறை வருகிறதல்லவா? அதுபோல ஒரே கூட்டத்தாரை நோக்கிய இரண்டு வினைகள் இவை. உண்பதற்கு இணையாக வருவது பருகுவது. அப்படியானால் வாதார் என்பது பருகும் பொருள்.

வாதார்! ஆங்கிலத்தில் வாட்டர், ஜெர்மனில் வாஸர், அவருடைய தாய்மொழியான செக் மொழியில் வோதா. உண்ணுதலுக்கு ஜெர்மனில் எஸ்ஸன், லத்தீனில் எத் என்னும் வேர், சமஸ்கிருதத்தில் அத் என்னும் வேர். அப்பத்தை உண்பீர்கள், நீரைப் பருகுவீர்கள் என்று வரி முழுவதும் பொருள் தந்து நின்றது.

இந்த ஒரு வரியில் ஒரே இரவில் மொழி முழுவதும் திறந்துகொண்டது போலக் கதை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது உடன்பாடில்லை. நம் சோதனைக்கூடத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்கிறோம். கரைசலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்ததும் வெண்மையான வீழ்படிவு வருகிறது. வெள்ளியும் அப்படி வரும். ஈயமும் அப்படி வரும். உறுதிச் சோதனை செய்யாமல் ஏட்டில் பெயர் எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துவிடுவார். வாதாரும் வாட்டரும் ஒத்து ஒலிப்பது முதற் சோதனை மட்டுமே. உலகில் எந்த இரு மொழிகளை எடுத்தாலும் தற்செயலாய் ஒத்து ஒலிக்கும் சொற்கள் சில இருக்கும். கடன் வாங்கிய சொற்களும் இருக்கும். குனுட்சோனிடம் உறுதிச் சோதனைக்குப் போதிய சரக்கு இல்லை. ஹ்ரோஸ்னியிடம் இருந்தது.

அவருடைய உறுதிச் சோதனைகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, வினைச்சொற்களின் முடிவு. நான், நீ, அவன் என்னும் மூவிடத்துக்கும் ஹிட்டைட் வினைகள் மி, ஸி, த்ஸி என்று முடிகின்றன. சமஸ்கிருதத்தில் மி, ஸி, தி. மற்றொன்று, அதே நீர் என்னும் சொல். நாம் மரம் என்கிறோம். வேற்றுமை ஏற்கும்போது மரத்தை, மரத்தின் என மகரம் போய்த் தகரம் வந்துவிடுகிறது. அதுபோல ஹிட்டைட்டில் நீர் வாதார்; நீரினுடைய என்பதற்கோ வெதெனாஸ். ரகரம் இருந்த இடத்தில் னகரம் வந்துவிட்டது. இப்படி ரகரமும் னகரமும் மாறி வரும் பெயர்ச்சொற்கள் கிரேக்கத்திலும் லத்தீனிலும் சமஸ்கிருதத்திலும் பழைய எச்சங்களாக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. ஒரு மொழி இன்னொன்றிடமிருந்து சொல்லைக் கடன் வாங்கும். இப்படிப்பட்ட கோணலைக் கடன் வாங்குவது அரிது. என்னைக் கேட்டால், அப்பத்தைவிட இந்த ரகர னகர மாற்றமே பெரிய சான்று.

சுற்றியுள்ள சொற்களைக் கொண்டு தெரியாத சொல்லின் பொருளைக் காண்பது நம்மைப் போன்றவர்களுக்குப் புதிதன்று. தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்து வந்த எனக்கு முதலாண்டில் ஆங்கிலப் பாடநூல் ஏறக்குறைய ஒரு களிமண் பலகைதான். பிரெசிபிடேட் என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வந்தது. அகராதி கையில் இல்லை. அது அடியில் தங்குகிறது, அதை வடிகட்டுகிறார்கள், அதற்கு நிறம் உண்டு என்பவற்றைப் பார்த்து, இது நாம் படித்த வீழ்படிவே என்று கண்டுகொண்டேன். இரண்டாம் ஆண்டுக்கு வந்த பிறகு ஹ்ரோஸ்னியைப் பற்றிப் படித்தபோது, இந்த மனிதர் செய்ததை எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நாள்தோறும் செய்கிறார்களே என்று தோன்றியது. எங்களுக்கு விடை சொல்ல ஆசிரியர் இருந்தார் என்பதுதான் வேறுபாடு.

1915 நவம்பர் 24-ஆம் நாள் பெர்லினில் அறிஞர் அவை முன் ஹ்ரோஸ்னி தம் முடிவை அறிவித்தார். அடுத்த மாதமே அது அச்சிலும் வந்தது. போர்க்காலமாகையால் அவரும் படைச் சேவைக்கு அழைக்கப்பட்டார். அந்தச் சேவைக்கு நடுவிலேயே நேரம் தேடி ஹிட்டைட் மொழியின் இலக்கணத்தை எழுதி, 1917-இல் நூலாக நிறைவு செய்தார். ஐரோப்பா முழுவதும் பீரங்கி முழங்கிய நாட்களில், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வேற்றுமை உருபுகளை ஒருவர் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார் என்பது வியப்பாகவே இருக்கிறது.

எதிர்ப்பு வராமலில்லை. அது காகசஸ் மலைப்பகுதி மொழிகளுக்கு உறவு என்று வாதிட்டவர்களும் உண்டு. ஹ்ரோஸ்னியின் நூலில் குறையும் இருந்தது. அடிப்படையைச் சரியாகக் கண்டவர், அந்த மகிழ்ச்சியில் பல சொற்களுக்கு லத்தீனிலும் கிரேக்கத்திலும் ஒத்த ஓசையைத் தேடி, அதிலிருந்தே பொருளை ஊகித்துவிட்டார். பருகுதல் என்னும் எகு வினையை லத்தீனின் ஆக்குவா என்னும் நீரோடு அவர் இணைத்ததுகூட இன்றுவரை ஐயத்துக்குரியதே. பெர்டினாண்டு சோம்மர் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1920-இல் இதைக் கடுமையாக எடுத்துக்காட்டினார். ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் திரட்டி, பலகைகளின் சான்றைக் கொண்டே பொருளைத் துணிய வேண்டும். உறவுச் சொல் தேடுவது அதன் பிறகு என்றார். ஹிட்டைட் ஆராய்ச்சி அந்த வழியில்தான் வளர்ந்தது. ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் வரும் அரிய சொற்களுக்கு இம்முறையில் விடை காண்பது எளிதன்று. அமெரிக்காவின் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் 1975-இல் தொடங்கிய ஹிட்டைட் அகராதியில் எத்தனையோ சொற்களுக்கு எதிரே கேள்விக்குறி நிற்கிறது.

அவருடைய கண்டுபிடிப்பால் விளைந்த ஒரு நன்மையைச் சொல்லாமல் விட மனமில்லை. தனிம வரிசை அட்டவணையில் மெண்டலீப் இடம் விட்டு வைத்ததும், பின்னர் காலியமும் ஜெர்மானியமும் கிடைத்து அந்த இடங்கள் நிரம்பியதும் நமக்குத் தெரியும். மொழியியலில் அதைப் போன்ற ஒன்று நிகழ்ந்தது. சோசூர் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞர், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் சில ஒலிகள் இருந்து பின் எல்லா மொழிகளிலும் மறைந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டது போலச் சொன்னார். அந்நூல் தாங்கியிருக்கும் ஆண்டு 1879. ஹ்ரோஸ்னி பிறந்த அதே ஆண்டு. சோசூர் 1913-இல் இறந்துபோனார். 1927-இல் போலந்து அறிஞர் குரிலோவிச், அந்த ஒலி ஹிட்டைட்டில் ஹகரமாக நிற்பதைக் காட்டினார். எலும்புக்கு ஹிட்டைட் சொல் ஹஸ்தாய். ஆற்றில் கரைக்கிறோமே அஸ்தி, அதே சொல். முன்னால் இருந்த ஹகரம் சமஸ்கிருதத்தில் தேய்ந்துவிட்டது. ஹட்டுசாவின் பலகையில் மட்டும் பிழைத்திருந்தது.

போர் முடிந்து செக்கோஸ்லோவாக்கியா தனி நாடாயிற்று. 1919-இல் பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ஹ்ரோஸ்னி பேராசிரியரானார். 1925-இல் மீண்டும் துருக்கிக்குச் சென்று குல்தேபே என்னும் மேட்டில் அகழாய்வு செய்தார். அங்கிருந்து வந்தவை என்று சொல்லப்பட்ட பழைய பலகைகள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைகளில் விற்பனையாகிக்கொண்டிருந்தன. முன்பு தோண்டிய அறிஞர்களுக்கோ ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லாரும் மேட்டையே தோண்டினார்கள்; பலகைகளோ மேட்டின் அடிவாரத்தில் ஒரு வயலில் இருந்தன. ஊர்க்காரர்கள் அதை வெளியில் சொல்லவில்லை. ஹ்ரோஸ்னியும் முதலில் மேட்டைத்தான் தோண்டினார். பின்பு உண்மை தெரிந்து வயலில் தோண்டி, ஏறக்குறைய ஆயிரம் பலகைகளை எடுத்தார். அசீரியாவிலிருந்து கழுதைகளில் ஈயமும் துணியும் ஏற்றி வந்த வணிகர்களின் கடிதங்களும் கணக்குகளும் அவை. சரியாகச் சொன்னால் அது வெள்ளீயம். துணி நெய்து அனுப்பிய மனைவியர் ஊரிலிருந்து கணவர்க்கு எழுதிய கடிதங்களும் இவ்வகைப் பலகைகளில் உண்டு. அந்த ஊரின் பழைய பெயர் கனேஷ். அதற்கே நேசா என்றும் பெயர். ஹிட்டைட்டுகள் தம் மொழியை நேசாவின் மொழி என்றே அழைத்தனர். அம்மொழியைப் படித்துக் காட்டியவரே அது பெயர் பெற்ற ஊரையும் தோண்டும்படி நேர்ந்தது.

1929-இல் பிராகாவில் கீழைநாட்டு ஆராய்ச்சிக்கென ஓர் இதழைத் தொடங்கினார். அதில் அவர் 1931-இல் ஆராய்ந்த நூல் நமக்கு நெருக்கமான ஒன்று. மித்தன்னி நாட்டைச் சேர்ந்த கிக்குலி என்பவர் தேர்க்குதிரைகளைப் பழக்கும் முறையைப் பற்றிக் கூறிய நூல் அது. போகாஸ்கோய்ப் பலகைகளில் கிடைத்தது. ஹிட்டைட் எழுத்தர்கள் எண்களைக் குறியாகவே எழுதிவிடுவதால், பெரும்பாலான எண்களை அவர்கள் வாயால் எப்படிச் சொன்னார்கள் என்பது தெரியாமலே போயிற்று. ஆனால் கிக்குலியின் நூலில் வேறெங்கும் காணாத சில அரிய சொற்கள் ஒலிப்படி எழுதப்பட்டிருந்தன. ஐக வர்த்தன்ன, தேர வர்த்தன்ன, பன்ஸ வர்த்தன்ன, சத்த வர்த்தன்ன, நவ வர்த்தன்ன. குதிரையை எத்தனை சுற்று ஓட்ட வேண்டும் என்று சொல்லும் இடங்களில் இவை வருகின்றன. ஏகம், பஞ்சாங்கம், சப்தஸ்வரம், நவராத்திரி என்றெல்லாம் புழங்கும் நமக்கு இவற்றை விளக்கவே வேண்டாம். வர்த்தன்ன என்பது சுற்று. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பு, இந்தியாவுக்கு வெகு தொலைவில், குதிரை பழக்குவோர் இந்தச் சொற்களைக் கையாண்டிருக்கிறார்கள். இங்கும் ஒலி ஒற்றுமை மட்டும் சான்றன்று. சுற்று எத்தனை என்னும் இடத்தில் அவை நிற்பதே சான்று.

1939 மார்ச்சில் ஹிட்லரின் படை பிராகாவுக்குள் நுழைந்தது. அந்த ஆண்டில் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பு ஹ்ரோஸ்னிக்கு வந்தது. அக்டோபர் 28-ஆம் நாள் நடந்த ஆர்ப்பாட்டத்தில் யான் ஒப்லேதால் என்னும் மருத்துவ மாணவர் சுடப்பட்டு, நவம்பர் 11-ஆம் நாள் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலம் மீண்டும் ஆர்ப்பாட்டமாயிற்று. நவம்பர் 17-ஆம் நாள் விடியும் முன்பே விடுதிகளுக்குள் புகுந்தார்கள். ஒன்பது பேரை அன்றே கொன்றார்கள். 1,200-க்கும் மேற்பட்ட மாணவர்கள் சாக்சன்ஹவுசன் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். செக் கல்லூரிகள் எல்லாம் மூடப்பட்டன. 1945 வரை திறக்கவில்லை. உலகில் நவம்பர் 17 மாணவர் நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான். அந்த நாட்களில் பல்கலைக்கழக வளாகத்துள் நுழைய உமக்கு உரிமையில்லை என்று ஜெர்மானியரிடம் வாதாடி, ஹ்ரோஸ்னி சில மாணவர்களைக் காத்தார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். அப்போது அவருக்கு வயது அறுபது. விடுதியில் இருந்தவர்கள் என் வயதுப் பிள்ளைகள்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் பலர் இத்துடன் நிறுத்திவிட்டு மறைவைச் சொல்லிவிடுவார்கள். அவருடைய கடைசிக் காலத்தையும் சொல்வதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். வெற்றி பெற்றவருக்கு வேறு பூட்டுகளையும் திறக்கும் ஆவல் எழுந்தது. சிந்துவெளி முத்திரைகளின் எழுத்தைப் படித்துவிட்டதாக எழுதினார். கிரீட் தீவின் எழுத்தையும் படித்துவிட்டதாக எழுதினார். இரண்டையும் அறிஞர் உலகம் ஏற்கவில்லை, ஏற்காதது சரியே. ஹட்டுசாவின் பலகைகளில் எழுத்தின் ஒலி முன்பே தெரிந்திருந்தது. அப்பத்தின் குறி போல் பொருள் தெரிந்த குறிகளும் நடுநடுவே இருந்தன. சிந்து முத்திரைகளில் இரண்டும் இல்லை. குறிகளுக்கு அவரே ஒலி கொடுத்தார், அவரே பொருளும் கொடுத்தார். அங்கே இந்தோ-ஐரோப்பிய மொழியைக் கண்டதாகவும் சொன்னார். உறுதிச் சோதனை செய்யப் பொருளே இல்லாத இடத்தில் ஏட்டில் பெயர் எழுதிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். நம் ஐராவதம் மகாதேவன் 1977-இல் வெளியிட்ட தொகுப்பில், சிந்துக் குறிகள் ஒவ்வொன்றும் எங்கெங்கே, எத்தனை முறை, எந்தக் குறிக்கு அருகில் வருகின்றன என்று முதலில் எண்ணி அடுக்கினார். இளைய ஹ்ரோஸ்னிக்கு அந்தத் தொகுப்பு மிகவும் பிடித்திருக்கும்.

1944-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதன் பின் உடல் தேறவில்லை. 1952 ஜூலையில் மைக்கேல் வென்ட்ரிஸ் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், கிரீட் தீவின் எழுத்துகளில் ஒரு வகையில் எழுதப்பட்டிருப்பது பழைய கிரேக்கமே என்று வானொலியில் அறிவித்தார். அவர் பல ஆண்டுகள் குறிகளைக் கட்டம் கட்டமாக அட்டவணையில் அடுக்கிப் பார்த்து அந்த முடிவுக்கு வந்திருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் ஹ்ரோஸ்னி பிராகாவில் காலமானார்.